ஒரே வளைகோட்டுக்கு மூன்று கதைகள்: பன்னாட்டு ஆய்வியலில் மாதிரியாக்கம் படிக்கலாமா?

3 பிப்ரவரி 2025, இரவு 9.40 – வாசகர் கேள்வி

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பன்னாட்டு உறவுகளில் இளங்கலை முடித்துவிட்டு, பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பன்னாட்டு ஆய்வியலில் மாதிரியாக்கத்தையும் (உலக நிகழ்வுகளை விதிகளாக எழுதுவது) சிமுலேஷனையும் (அந்த விதிகளைக் கணினியில் இயக்கிப் பார்ப்பது) சிறப்புப் பாடமாக எடுத்து முதுகலை படிக்க எண்ணம். என் கணிதம் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வோடு நின்றது. அடுத்த போர் எங்கே வரும் என்று கணினி சொல்லிவிடும் என்றால் வரலாறும் அரசியலும் எதற்கு? சொல்லாது என்றால் இந்தப் படிப்பு எதற்கு? படித்த அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2025, இரவு 11.15

கணினி சொல்லாது. சொல்லும் என்று எந்தப் பல்கலைக்கழகமாவது விளம்பரம் செய்தால் அங்கே சேராதீர்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். கோலாலம்பூரில் பகுதி நேரமாகப் பன்னாட்டு உறவுகளில் முதுகலை முடித்தேன். இப்போது மலாக்கா நீரிணையில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களைக் கணினி மாதிரியாக எழுதி, முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேச முடியும்.

நாம் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்குள்ளும் ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறது. 'ரோந்து கூடியது, அதனால் கொள்ளை குறைந்தது' என்று ஒரு வரி எழுதும்போது, கொள்ளையர் ரோந்துப் படகைக் காண்கிறார்கள் என்றும், கண்டால் அஞ்சுகிறார்கள் என்றும், அஞ்சித் திரும்பினால் கரையில் அவர்களுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது என்றும் மூன்று அனுமானங்களை வாய்திறக்காமலே சொல்லிவிடுகிறோம். உரைநடையில் அவை வெளியே தெரியாமல் போய்விடும். கணினிக்கு எழுதும்போது, எவ்வளவு தொலைவில் காண்கிறார்கள், எத்தனை நாள் அஞ்சுகிறார்கள், கரையில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்காவிட்டால் நிரல் ஓடாது. அந்தக் கட்டாயத்துக்காகவே இந்தப் படிப்பை நான் மதிக்கிறேன்.

கணிதத்துக்கு அஞ்ச வேண்டாம். எஸ்பிஎம் கணிதத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு மூன்று மாத உழைப்பு போதும்.

4 பிப்ரவரி 2025, காலை 7.05

எங்கே படிப்பது என்பதை நேற்று விட்டுவிட்டேன். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் நகரத்து ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தில், பன்னாட்டு ஆய்வியல் முதுநிலைப் படிப்புக்குள்ளேயே மாதிரியாக்கமும் சிமுலேஷனும் ஒரு துறையாக இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளமும், நேட்டோவின் உருமாற்றக் கட்டளையகமும் அதே நகரத்தில் இருப்பதை நினைத்தால் அந்தப் படிப்பு அங்கே வளர்ந்தது ஏன் என்று புரியும். அதே மாநிலத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் கணினிவழிச் சமூக அறிவியலைக் கற்பித்து வந்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம், மோதல் தரவுகளுக்கான இடம்.

நான் வெளிநாடு போகவில்லை. இங்கேயே பன்னாட்டு உறவுத் துறையில் ஒரு மேற்பார்வையாளர், கணினித் துறையில் ஓர் இணை மேற்பார்வையாளர் என்று இருவரைத் தேடிச் சேர்த்துக்கொண்டேன். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து என் அத்தியாயத்தைப் பேசுவதற்கு ஓராண்டு ஆயிற்று. இந்த வழியை எடுப்பவர்கள் அந்த ஓராண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4 பிப்ரவரி 2025, இரவு 10.20

'கணினி சொல்லாது' என்று நான் எழுதியதை ஈப்போவிலிருந்து ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உப்சாலாவில் தொடங்கிய வியூஸ் என்ற முன்னெச்சரிக்கைத் திட்டம், எந்த நாட்டில் எந்த மாதத்தில் அரசியல் வன்முறை எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்று 36 மாதங்கள் வரை முன்கணிப்பு வெளியிடுகிறது. ஆகவே என் வாக்கியத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன். ஏற்கெனவே மோதல் நடக்கும் நாட்டில் அது தொடருமா என்பதை இத்தகைய மாதிரிகள் ஓரளவு நன்றாகவே சொல்கின்றன. பல காலம் அமைதியாக இருந்த நாட்டில் புதிதாக மோதல் வெடிப்பதைச் சொல்வதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அத்தகைய நிகழ்வு அரிது, கற்றுக்கொள்ள முன்னுதாரணங்கள் குறைவு. கேட்டவர் அறிய விரும்பியது இந்த இரண்டாவதைத்தான் என்று நினைத்துப் பதில் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. எதைப் 'போர்' என்று எண்ணுகிறோம் என்பதே ஒரு முடிவு. 1963இல் டேவிட் சிங்கர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போர்த் தரவுத் திட்டம் போருக்கு ஆயிரம் களச் சாவுகளை வரம்பாக வைத்தது. உப்சாலாவோ ஆண்டுக்கு 25 சாவு என்ற வரம்பிலிருந்தே ஆயுத மோதலைக் கணக்கில் எடுக்கிறது. 1963 முதல் 1966 வரை நம் நாடு கடந்துவந்த கொன்ஃப்ரொந்தாசி என்ற இந்தோனேசியாவுடனான மோதல், ஆயிரம் என்ற வரம்பை வைத்தால் நாடுகளிடைப் போர்ப் பட்டியலுக்குள் வராது. சரவாக் எல்லையில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அது போர்தான். தரவுக் கோப்பைப் பதிவிறக்கும் முன் அதன் விளக்கக் கையேட்டைப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

12 பிப்ரவரி 2025, மாலை 5.30

தைப்பூசத்துக்காகப் பத்துமலையில் இரண்டு நாள் தண்ணீர்ப் பந்தலில் இருந்ததால் தாமதம்.

'இது தளபதிகளுக்கான படிப்பு, நமக்கெதற்கு?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நார்ஃபோக்கைப் பற்றி நான் எழுதியதே அந்த எண்ணத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் இந்தத் துறையின் வேரில் நிற்பவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அமைதிவாதி. முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வானிலையைச் சமன்பாடுகளால் முன்கணிக்க எண்கணக்கு போட்டுப் பார்த்த முன்னோடியும் அவரே. அந்தக் கணக்கின் ஒரு பகுதியைப் போர்முனைக்கு அருகிலேயே கையால் போட்டார். வானிலைத் துறை வான்படை அமைச்சின்கீழ்ப் போனதும் அந்த வேலையை விட்டார். பிறகு போர்களின் பக்கம் திரும்பினார்.

அவருடைய ஆயுதப் போட்டி மாதிரியில் இரண்டே சமன்பாடுகள். ஒரு நாட்டின் ஆயுதச் செலவு மூன்று காரணங்களால் மாறுகிறது: எதிரி வைத்திருக்கும் ஆயுதத்தைக் கண்ட அச்சம் அதை ஏற்றுகிறது, தன் செலவின் சுமை அதை இறக்குகிறது, பழைய மனக்குறை ஒன்று எப்போதும் ஒரே அளவில் தள்ளிக்கொண்டிருக்கிறது. மற்ற நாட்டுக்கும் இதேபோல் ஒன்று. சுமையும் அச்சமும் எவ்வளவு வலுவாக இழுக்கின்றன என்று காட்டும் எண்களைக் கெழு என்பார்கள். இரு நாடுகளின் சுமைக் கெழுக்களைப் பெருக்கி வருவது, அச்சக் கெழுக்களைப் பெருக்கி வருவதைவிடப் பெரிதாக இருந்தால் போட்டி ஓர் அளவில் நின்றுவிடும். சிறிதாக இருந்து மனக்குறையும் இருந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். மனக்குறை எவ்வளவு பெரியது என்பது நிலைத்தன்மையைத் தீர்மானிப்பதில்லை, எந்த அளவில் நிற்கும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. இதைத் தாளில் போட்டுப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. இரண்டு அண்டை நாடுகள் ஒன்றையொன்று வெறுத்துக்கொண்டே அமைதியாக இருக்க முடியும் என்பதை எனக்கு எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

16 பிப்ரவரி 2025, இரவு 11.50

சொந்தக் கதையை எழுதிவிடுகிறேன். கேள்வி கேட்ட தங்கைக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் மாதிரியில் மூன்று வகை முகவர்கள், அதாவது விதிப்படி தாமே முடிவெடுக்கும் பாத்திரங்கள்: கப்பல்கள், ரோந்துப் படகுகள், கொள்ளைக் குழுக்கள். ஒரு குழு கடலில் இறங்குவதற்கு விதி எளியது: கிடைக்கக்கூடிய பணம், பிடிபடும் அபாயத்தையும் கரையில் கிடைக்கும் கூலியையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் இறங்கும். கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் பன்னாட்டுக் கடல்சார் பணியகத்தின் கொள்ளைத் தகவல் மையம் மலாக்கா நீரிணையில் பதிவுசெய்த எண்களோடு ஒப்பிட்டேன்: 2004இல் 38, 2005இல் 12, 2006இல் 11, 2007இல் 7, 2008இல் 2. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் 2004 ஜூலையில் ஒருங்கிணைந்த கடல் ரோந்தைத் தொடங்கின. 2005 செப்டம்பரில் வான்வழிக் கண்காணிப்பு சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் பணியைத் தொடங்கியது. இவற்றை மாதிரிக்குள் கொடுத்தேன். வளைகோடு இறங்கியது, உண்மை எண்கள்மேல் அப்படியே படிந்தது. அந்தப் படத்தைத் துறைக் கருத்தரங்கில் காட்டியபோது கைதட்டினார்கள்.

மேற்பார்வையாளர் கைதட்டவில்லை. ரோந்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஆனால் 2004 டிசம்பர் 26ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சுனாமி நாள். சுமாத்திராவின் ஆச்சே கரையில் ஊர்கள் போயின, படகுகள் போயின, மனிதர்கள் போனார்கள். நீரிணையின் வட பகுதியில் நடந்த ஆள்கடத்தல்களில் பலவற்றை ஆச்சேயிலிருந்து வந்த குழுக்களோடு தொடர்புபடுத்திப் பேசியிருந்தார்கள். ரோந்து இல்லாமல், அந்தக் கரையின் படகுகளை மட்டும் குறைத்து ஓட்டினேன். வளைகோடு இறங்கியது. பிறகு அதையும் எடுத்துவிட்டு, 2005 ஆகஸ்டு 15இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் அதை எதிர்த்துப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் கையெழுத்திட்ட சமாதானத்தை மட்டும், கரையில் கூலி உயர்ந்ததாகப் பொருள்கொண்டு கொடுத்தேன். சற்றுத் தாமதமாக இறங்கியது, ஆனால் இறங்கியது. மூன்று கதைகள், ஒரே வளைகோடு. நான் கைதட்டு வாங்கிய படம் எதையும் நிறுவவில்லை.

அடுத்த எட்டு மாதங்கள் இதிலேயே போயின. வளைகோடு பொருந்துவதைப் பார்க்காமல், மூன்று கதைகளும் எங்கே பிரிகின்றன என்று தேடத் தொடங்கினேன். ரோந்துதான் காரணம் என்றால் தாக்குதல்கள் ரோந்து இல்லாத நீர்ப்பரப்புக்கோ நங்கூரமிடும் இடங்களுக்கோ நகர வேண்டும். ஆச்சே காரணம் என்றால் வடக்கே மீட்புத்தொகைக்கான கடத்தல் முதலில் குறைய வேண்டும், தெற்கே சிங்கப்பூர் பக்கத்துச் சில்லறைத் திருட்டு அப்படியே இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டுத்தொகை இதைக் காட்டாது. இடமும் வகையும் காட்டக்கூடும். என் ஆய்வேடு இப்போது இந்தக் கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

17 பிப்ரவரி 2025, காலை 6.40

நேற்று எழுதியதில் ஒரு பெரிய குறை. எண்களை 2004இலிருந்து தொடங்கினேன். அதே மையத்தின் கணக்கில் 2000இல் 75, 2001இல் 17. மூன்று நாட்டு ரோந்தும் இல்லை, சுனாமியும் இல்லை, ஹெல்சிங்கியும் இல்லை. அப்போதும் எண் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்திருக்கிறது. நான் தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுத்த விதமே என் மூன்று கதைகளையும் வலுவாகக் காட்டியிருக்கிறது. கருத்தரங்கில் இதை யாரும் கேட்கவில்லை. நீங்களாவது மாதிரி பார்க்கும்போது முதலில் கேளுங்கள்: ஏன் இந்த ஆண்டிலிருந்து?

23 பிப்ரவரி 2025, மாலை 4.10

கிள்ளானிலிருந்து ஒரு நண்பர் எழுதுகிறார்: 'அந்த எண்களை நம்பலாமா? கப்பல்காரர்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லையே.' துறைமுகத்தில் வேலை செய்தவர் என்று கேள்வியிலேயே தெரிகிறது.

என் அலுவலக நாட்களில் ஒரு கப்பலின் தலைமை அதிகாரி, இரவில் ஏறியவர்கள் கயிறும் பெயின்ட் டின்களும் எடுத்துப் போனதாக என் மேசை அருகே நின்றுகொண்டே சொன்னார். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். வாக்குமூலம், விசாரணை என்று கப்பல் ஒரு நாள் நின்றால் வரும் செலவு, போன கயிற்றின் விலையைப்போல் பல மடங்கு என்றார். அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பேராக் கரையில் ஒரு முதிய மீனவரைச் சந்தித்தபோது, இழுவலைப் படகுகள் பணம் கொடுத்துத் தப்பிய காலத்தைச் சொன்னார். அதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

போருக்கான அபாயப் பகுதி என்று லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு 2005 ஜூனில் மலாக்கா நீரிணையைப் பட்டியலிட்டது, 2006 ஆகஸ்டில் நீக்கியது. பட்டியலில் இருந்தால் காப்பீட்டுச் செலவு கூடும் என்பதால், அந்த இடைவெளியில் கப்பல் நிறுவனங்களும் கரையோர அரசுகளும் எண் குறைவாக இருப்பதை விரும்பியிருக்கக் காரணம் உண்டு. எண்களில் அது எவ்வளவு பாதித்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே மாதிரிக்குள் நான்காம் முகவர் ஒருவரைச் சேர்த்தேன்: புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கப்பல் தலைவர். அவர் வந்த பிறகு, தாக்குதல்கள் ஒரே அளவில் இருக்கும்போதும் பதிவுகள் மட்டும் குறையும் ஓட்டங்கள் கிடைக்கின்றன. மூன்று கதைகள் நான்காகிவிட்டன.

சட்டத்தின் வார்த்தையும் இடையில் நிற்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101ஆம் பிரிவு, கடற்கொள்ளை என்பதை ஆழ்கடலில், எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் வெளியே நடப்பதாக வரையறுக்கிறது. ஒரு நாட்டின் கரைக்கடலுக்குள் நடந்தால் அது ஆயுதமேந்திய கொள்ளை. நீரிணையின் குறுகிய பகுதி முழுவதும் ஏதாவதொரு நாட்டின் கரைக்கடல்தான். எண்ணியவர் யார், எதை எண்ணினார் என்று கேட்காமல் இரண்டு அமைப்புகளின் எண்களை ஒரே அட்டவணையில் சேர்த்துவிடாதீர்கள்.

2 மார்ச் 2025, காலை 10.30

சொற்களைப் பற்றி. 'ஏன் ஒரே கட்டுரையில் சிமுலேஷன் என்கிறீர்கள், மாதிரி என்கிறீர்கள்?' என்று ஒரு தமிழாசிரியர் கேட்டிருக்கிறார்.

'மாதிரி' என்ற சொல்லை நான் விரும்புகிறேன், ஆனால் அது எனக்குத் தொல்லையும் கொடுக்கிறது. புள்ளியியல் நூல்களில் சிலர் ஆயிரம் பேரிலிருந்து எடுத்த நூறு பேரையும் மாதிரி என்றே எழுதுகிறார்கள். ஆகவே அதற்குக் 'கூறு', 'கூறெடுத்தல்' என்று எழுதி, மாதிரியை இந்த ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டேன். பேச்சில் 'அவன் அப்பா மாதிரி' என்று சொல்லும்போது, அப்பாவே இல்லை, ஏதோ ஒரு வகையில் ஒத்திருக்கிறான் என்பது கேட்பவருக்கு விளங்குகிறது. எந்த வகையில் என்று அடுத்த கேள்வி தானாக எழுகிறது: முகத்திலா, கோபத்திலா, நடையிலா? கணினி மாதிரியிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. இந்தப் பொருள் நம் அன்றாடப் பேச்சிலேயே இருப்பது எனக்கு எழுதும்போது உதவியிருக்கிறது.

சிமுலேஷனுக்கு 'உருவகப்படுத்தல்' என்றால் இலக்கண வகுப்பு நினைவுக்கு வருகிறது, 'பாவனை' என்றால் நடிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மாதிரியை ஒருமுறை இயக்குவதை 'ஓட்டம்' என்கிறேன், துறையின் பெயரை மட்டும் சிமுலேஷன் என்றே விடுகிறேன். நல்ல சொல் இருந்தால் ஆசிரியர் தரட்டும், நன்றியோடு மாற்றிக்கொள்வேன்.

9 மார்ச் 2025, இரவு 9.00

கணிதத்துக்கு மூன்று மாதம் போதும் என்று முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது நிரல் எழுதக் கற்பதற்குச் சரி. முகவர் மாதிரிகள் எழுதும் மென்பொருளான நெட்லோகோவின் மொழியை மூன்று மாதத்தில் யாரும் பழகலாம். 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, விலையில்லாமல் கிடைக்கிறது. நிகழ்தகவுக்கு மூன்று மாதம் போதாது. எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின, அந்த இரண்டு ஆண்டுகளில் தவறான முடிவுகளை எழுதினேன்.

என் பழைய அத்தியாயத்தில் ஒரு பத்தி 2006இன் 11க்கும் 2007இன் 7க்கும் இடையே என்ன மாறியது என்று இரண்டு பக்கம் விளக்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களில் பத்துப் பன்னிரண்டு சம்பவம் என்னும்போது, எண் தற்செயலாகவே எவ்வளவு ஆடும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். இத்தகைய அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலாக எப்படி ஆடும் என்று கணக்கிடும் புவாசோன் பரவலை எடுத்தால், சராசரி 12 என்னும்போது வழக்கமான ஆட்டம் அதன் வர்க்கமூலம், மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதை இருபுறமும் இரண்டு மடங்கு வைத்தால், அடிப்படை நிலைமை சற்றும் மாறாமலே ஓர் ஆண்டு 5 வரலாம், அடுத்த ஆண்டு 19 வரலாம். 11க்கும் 7க்கும் இடையே விளக்குவதற்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கக்கூடும். 38க்கும் 12க்கும் இடையே நிச்சயம் ஏதோ இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களை நீக்கினேன்.

மாதிரியை ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டுப் படம் போடுவதும் இதே தவறு. தற்செயல் எண்களை மாற்றி ஐந்நூறு முறை ஓட்டுங்கள், படத்தில் ஒரு கோடு வராது, ஒரு பட்டை வரும். பட்டையைத்தான் காட்ட வேண்டும். சேரும் முன் நிகழ்தகவில் ஒரு முழுப் பருவம் படித்துவிட்டுப் போங்கள்.

20 மார்ச் 2025, இரவு 8.15

கணினி இல்லாமல் தொடங்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட குடியிருப்புப் பிரிவினை மாதிரி கட்டமிட்ட தாளில் நாணயங்களை நகர்த்திப் பார்த்து வந்தது. 2005இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

செந்தூலில் அக்கா வீட்டில், அக்காவின் மகள்கள் இருவரோடு புளியங்கொட்டையும் குன்றிமணியும் வைத்து இதைச் செய்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டம், சிலவற்றைக் காலியாக விட வேண்டும். சுற்றியிருப்பவற்றில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் போதும், இல்லாவிட்டால் அருகில் உள்ள காலி இடத்துக்கு நகர வேண்டும். ஒரு கொட்டைகூட மற்ற இனத்தை வெறுக்கவில்லை, பெரும்பான்மையாக இருக்கக்கூட விரும்பவில்லை. இருபது நிமிடத்தில் தாள் முழுவதும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிட்டது. சின்னவள், 'யாருமே இப்படிக் கேட்கலையே மாமா' என்றாள். கூட்டத்தில் தோன்றும் முடிவிலிருந்து தனித்தனி மனிதரின் விருப்பத்தைப் படித்துவிட முடியாது என்று விளக்க நான் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த பயிற்சிக்கு ஆடுபுலி ஆட்டத்தைச் சொல்வேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு பக்கத்துக்கும் விதி வேறு, வெற்றியின் பொருளும் வேறு. சமமற்ற படைகள் மோதுவதை நிரலாக எழுதிப் பழக ஏற்றது.

21 மார்ச் 2025, காலை 6.55

ஆடுபுலியைப் பற்றி ஒரு திருத்தம். பலகையில் எல்லாக் காயும் எல்லாருக்கும் தெரிகிறது. கடலில் ரோந்துப் படகுக்குக் கொள்ளையரும் தெரியாது, கொள்ளையருக்கு ரோந்தும் தெரியாது. ஆகவே நிரல் எழுதும்போது, ஒரு புலிக்கு இரண்டு முனை தொலைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஆட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்த பிறகு எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

வேலை கிடைக்குமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். காப்பீடு, கப்பல் போக்குவரத்து, விநியோகச் சங்கிலித் திட்டமிடல் ஆகிய இடங்களில் இந்தத் திறன் பயன்படுகிறது. பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை. செய்த மாதிரியைக் காட்டினால் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

13 ஏப்ரல் 2025, இரவு 10.45

இந்த இரண்டு வாரச் செய்திகளைப் பார்த்து, 'இதை யாராவது மாதிரியாக்கியிருக்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காட்டு வரி அறிவித்தது. 9ஆம் தேதி அதை 90 நாள் நிறுத்திவைத்துப் பொதுவான 10 விழுக்காட்டை மட்டும் விட்டது. சீனாவோடு மட்டும் ஏறிக்கொண்டே போய், 2025 ஏப்ரல் நடுவில் அமெரிக்கா 145, சீனா 125 என்று வந்து நின்றது.

அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் நடத்திய கணினிப் போட்டிகளை இங்கே நினைக்கலாம். கைதியின் சிக்கல் என்ற ஆட்டத்தை (ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று இருவரும் தனித்தனியே முடிவெடுப்பது) திரும்பத் திரும்ப விளையாட நிரல்களை அனுப்பச் சொன்னார். முதல் சுற்றில் 14, இரண்டாம் சுற்றில் 62 வந்தன. இரண்டிலும் வென்றது அனடோல் ரப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன முறை செய்ததையே செய். செய்தித்தாளில் பலர் இதை வைத்துப் பதிலுக்குப் பதில் வரி சரியென்று எழுதுகிறார்கள். அந்த நிரலுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவரின் நகர்வை மற்றவர் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பைச் சிறிதளவு சேர்த்தாலும், அதே நிரல்கள் இரண்டு ஒன்றையொன்று தண்டித்துக்கொண்டே நீண்ட காலம் மாட்டிக்கொள்கின்றன. எப்போதாவது ஒருமுறை மன்னிக்கும் நிரல் அந்த நிலைமையில் மேலாக நிற்கிறது. அரசுகள் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்வது வழக்கமா, விதிவிலக்கா என்று வரலாறு படித்தவரே சொல்ல முடியும். முதல் நாள் கேட்டீர்களே, வரலாறும் அரசியலும் எதற்கு என்று. இதற்குத்தான்: அந்தச் சிறிதளவு எவ்வளவு என்பதை நிரல் தராது.

90 நாளுக்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். வரி விகிதம் என் மாதிரிக்கு வெளியே இருந்து வருவது. 10, 24, இடைப்பட்ட ஒன்று என்று மூன்று நிலைமைகளாக ஓட்டி, பினாங்கின் சரக்கு எந்த விகிதத்தில் வழி மாறத் தொடங்குகிறது என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

27 ஏப்ரல் 2025, இரவு 9.30

கேள்வி கேட்ட தங்கை தன் ஆய்வுத் திட்டத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். இங்கே பேச ஒப்புதல் தந்ததால் எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக் கணினிச் சில்லு ஆலைகள், வல்லரசுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் கூடும்போது விற்பனையாளரை எப்படி மாற்றுகின்றன என்பது அவருடைய தலைப்பு. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்குக் கொண்டுவந்த சில்லுக் கட்டுப்பாட்டிலிருந்து தொடங்குகிறார். ஏன் அந்த ஆண்டு என்று அவரே ஒரு பத்தியில் விளக்கியிருப்பதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. கீழே 11 அனுமானங்கள்.

மூன்றாவது: புதிய விற்பனையாளரின் உதிரிபாகத்தைச் சோதித்து ஏற்றுக்கொள்ள ஆலைக்குப் பல மாதங்கள் ஆகும். ஏழாவது: தாமதம் ஆறு வாரத்தைத் தாண்டினால் கொள்முதல் பிரிவு வேறு விற்பனையாளருக்கு மாறும். இரண்டும் சேர்ந்து நிற்காது. 2021 சில்லுப் பற்றாக்குறையில் நீங்கள் அந்த மேசையில்தானே இருந்தீர்கள்? ஆறு வாரத்தில் யாராவது மாறினார்களா, அல்லது பழைய விற்பனையாளருக்கே கூடுதல் விலை கொடுத்துக் காத்திருந்தீர்களா? அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். கையிருப்பு எத்தனை வாரத்துக்கு இருந்தது என்பதும் வேண்டும். அது உங்கள் பட்டியலில் எங்கும் இல்லை.

இந்த இரண்டையும் திருத்தி அனுப்புங்கள். அதுவரை நெட்லோகோவை நிறுவ வேண்டாம்.